வேம்புலியம்மாள் முடுக்கிய நட்டு

"காத்து பத்தல. இந்த டப்பா மெசினு என்னிய வுட மோசமா மூச்சு வாங்கினு கீது."

காலையில் ஷட்டரைத் தூக்கிக் கம்ப்ரசரைப் போட்ட கால் மணி நேரத்துக்குள் வேம்புலியம்மாள் இதைச் சொல்லிவிடுவாள். ஆவடி சேக்காட்டில் அந்த டயர் கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம். நாற்காலியில் சாய்ந்திருக்கும் அவள் புருஷன் அய்யாசாமியும் தினம் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"அதுக்கு நான் இன்னா பண்ண? வாய் வச்சு ஊதவா?"

அய்யாசாமி ஊதவும் மாட்டார், குனியவும் மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜாக்கி சரிந்து முதுகில் அடிபட்டதிலிருந்து கடை வேலை முழுக்க வேம்புலியுடையது. அதுவரை டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், அதன் பிறகு டயர் கழற்றினாள், மாட்டினாள், கார்களுக்கு அடியில் படுத்து எழுந்தாள். ஆனால் வருகிறவர்கள் பேசுவது நாற்காலியோடு. "அண்ணாத்தே, பஞ்சர்" என்பார்கள். "நான் பாத்துக்கறேன்" என்பார் அய்யாசாமி. அவர் பார்ப்பார், இவள் செய்வாள்.

கடைசியில் ஒரு சடங்கு உண்டு. எல்லாம் முடிந்ததும் அய்யாசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டையும் தொட்டு அமுக்கிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கார்க்காரன் முகம் தெளியும். பொம்பளை முடுக்கின நட்டு லூசாக இருக்கும் என்பது ஊர் முழுக்கப் பேசாமலே ஒத்துக்கொண்ட விஷயம். பின்னால் இருக்கும் அபார்ட்மெண்டின் செயலாளர் ஜெயராமன் மட்டும் அதை வாய்விட்டே சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா, லேடீஸ் கைக்கு அவ்ளோ பலம் பத்தாது பாரு."

பலம் பத்தாதது கைக்கு இல்லை, கம்ப்ரசருக்கு. அதன் டாங்கி சின்னது. ரெண்டு சக்கரம் முடிவதற்குள் காற்று தீர்ந்துபோய், நட்டு முடுக்குகிற ஏர் கன் ஈனஸ்வரத்தில் முனகும். வேம்புலி விசையை அழுத்திப் பிடித்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவாள். அப்போதும் இறுகாது. வீல் ஸ்பேனரை மாட்டி, அதில் இரும்புக் குழாயைச் சொருகி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் மேல் ஏறி நின்று அமுக்குவாள். ஒரு நாளைக்கு எத்தனை நட்டோ அத்தனை தடவை ஏறி இறங்கினாள். பஸ் ஸ்டாப்பில் எவனோ அதை வீடியோ எடுத்துப் பாட்டு சேர்த்துச் சுற்றுக்கு விட்டான். கடைக்கு வந்த ஒருவன் போனிலேயே அவள் அதைப் பார்த்தாள். அவன் பஞ்சரை ஒட்டி அனுப்பினாள்.

அந்த வாரம் அவள் தம்பி செல்வகுமார் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறவன்.

"காத்து வாணாத பேட்டரி கன்னு ஒண்ணு வேணும்டா," என்றாள்.

"இன்னாக்கா நீ! கன்னு மேல தப்பே இல்ல. டாங்கி சின்னது, பைப்புல நாலு எடத்துல ஒட்டு. பெரிய கம்ப்ரசர் போடு, இதே கன்னு ஆயுசுக்கும் உழைக்கும். பேட்டரி கன்ன வெயில்ல வச்சினா ரெண்டு வருசத்துல படுத்துக்கும்."

"பெரிய மெசின எங்க வைக்கிறது, ஒன் மாமன் மடிலயா? இந்தச் சத்தத்துக்கே பின்னாடி இருந்து அந்தச் செக்ரட்டரி வந்துகினு கீறாரு. மத்தியானத்துல நிறுத்தணுமாம், தூக்கம் கெடுதாம்."

"அதில்லக்கா, லாபம்னு பாத்தா..."

"நான் கம்பி மேல ஏறிக் குதிக்கிறத நாலு பேரு பாத்து இளிக்கிறான். அத எந்தக் கணக்குல சேக்குற?"

செல்வகுமார் பேட்டரி கன்னை வாங்கி வந்தான். கனம்தான், ஆனால் காலைச் சுற்றுகிற பைப் இல்லை, காத்திருப்பு இல்லை. எப்படி பேட்டரி மாட்டுவது, எப்படி முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புவது என்று காட்டிவிட்டுத் தம்பி போனான். விசையை எவ்வளவு நேரம் பிடிப்பது என்று அவன் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக ஐந்து எண்ணிப் பழகிய விரல் இதிலும் ஐந்து எண்ணியது. அந்த நோஞ்சான் கன்னுக்கே பத்தாத ஐந்து, இந்த முரட்டுக் கன்னுக்கு எவ்வளவு என்று யார் யோசித்தார்கள்? அய்யாசாமி ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. "கல்லு மாரி கீது சார்" என்று பெருமையாகச் சொன்னார். லூசாகிவிடுமோ என்கிற ஒரே பயத்திலேயே காலம் தள்ளினவர்களுக்கு, அளவுக்கு மேல் இறுகினாலும் வம்புதான் என்று தோன்றவே இல்லை.

அபார்ட்மெண்டில் குடியிருக்கும் ஐ.டி. பையன் ஜஸ்டின் நாலு டயரையும் இங்கே மாற்றிக்கொண்டு போனான். பத்தாம் நாள் வானகரத்தில் உச்சி வெயிலில் அவனுக்குப் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, காரோடு கொடுத்த ஸ்பேனரும் இருந்தது, நட்டு மட்டும் கழலவில்லை. ஏறி நின்றான், குதித்தான். மூன்றாவது குதியில் போல்ட் முறிந்து நட்டோடு கையில் வந்தது. மனைவியும் கைக்குழந்தையும் ரோட்டோரம் நிற்க, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

மறுநாள் அதே காரைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, ஜெயராமனையும் கூட்டிக்கொண்டு வந்தான். பேசியது நாற்காலியோடு.

"அண்ணே, யார் டைட் பண்ணது?"

ஆறு வருஷமாக "நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன வாய் திறந்தது. "நானா பண்ணேன்? அவதான் சார். பொம்பளதான, அவளுக்கு இன்னா தெரியும்?"

வேம்புலி அவரைப் பார்க்கவில்லை. ஜஸ்டின் காரிலிருந்த ஸ்பேனரையே எடுத்து இன்னொரு நட்டில் மாட்டித் தன் முழு பாரத்தையும் போட்டாள். அசையவில்லை. எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதான் தம்பி. கைக்கொழந்தைய வச்சினு வெயில்ல நின்னிருக்க. போல்ட்ட நானே மாத்தித் தரேன், காசு வாணாம்."

அதோடு முடிந்திருக்கும். ஜெயராமன் விடவில்லை. "இதுக்குத்தான் சொல்றது, லேடீஸ் கையில வண்டிய குடுக்கக் கூடாதுன்னு."

"லேடீஸ் முடுக்குனா லூசா இருக்கும்னு சொன்னது நீதான சார்? இப்ப டைட்டா கீதுன்ற. எதுனா ஒண்ணு சொல்லு."

பதில் அபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. முறிந்த போல்ட்டின் படத்தைப் போட்டு, கீழே "லேடி மெக்கானிக், ஜாக்கிரதை" என்று எழுதினார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து அதற்கப்புறம் ஒரு சைக்கிள்கூட வரவில்லை. எல்லாரும் வானகரத்தில் ஒரு டயர் கடைக்குப் போகிறார்கள். அங்கே எத்தனை எண்ணி முடுக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆம்பளை முடுக்குகிறான், அது போதும்.

விஷயம் தெரிந்து செல்வகுமார் ஓடி வந்தான். கையால் இழுக்கிற டார்க் ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்தான். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அந்த எண்ணில் வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் வரும், கையை எடுத்துவிட வேண்டும். இப்போது பேட்டரி கன் நட்டை உட்கார வைக்க மட்டும்தான், ஒன்று எண்ணுவதற்குள் விரலை எடுத்துவிடுகிறாள். மீதி டார்க் ஸ்பேனருக்கு. அய்யாசாமி பழைய பழக்கத்தில் ஸ்பேனரைத் தேடி எழுந்தபோது, "குந்துய்யா" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சடங்கு அன்றோடு நின்றது.

காற்று பத்தவில்லை என்ற புலம்பலும் நின்றது. டயருக்குக் காற்றடிக்க மட்டும் அந்த டப்பா மெஷின் ஓடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வண்டி வந்தால் அதிகம்.

அந்தப் பக்கம் போனால் சேக்காட்டில் நிறுத்தி அவளைப் பாருங்கள். பஞ்சர் இல்லாவிட்டாலும் காற்றாவது பிடியுங்கள். டயர் மாட்டி முடித்ததும், டிக்கியில் இருக்கும் உங்கள் ஸ்பேனரை எடுத்து வரச் சொல்லி, ஒரு நட்டை உங்கள் கையாலேயே கழற்றிப் பார்க்கச் சொல்வாள். அது வரும். திரும்ப 'டக்' கேட்கும்வரை முடுக்கிவிட்டுத்தான் சாவியைத் தருவாள். நேரமில்லை என்று எரிந்து விழாதீர்கள். நாற்காலியிலிருந்து ஒருவர் "நான் பாத்துக்கறேன்" என்பார். அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கீழே உட்கார்ந்து கை கறுத்திருப்பவளிடம் சொல்லுங்கள்.