சானடோரியத்தில் தமாராவின் அறை

1. ஆளில்லாத கட்டடம்

பழைய கட்டடங்களை லேசர் ஸ்கேனரால் அளந்து, கொம்பியூட்டரில் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். ஒபிஸ் மோர்னிங்சைட் ரோட்டில். சேர்ச், பள்ளிக்கூடம், பக்டரி என்று ரொறன்ரோவில் நான் ஏறாத கூரை குறைவு. ஒருநாள் முதலாளி சுரேஷ் என்னை ஜோர்ஜியாவுக்குப் போகச் சொன்னார். அமெரிக்காவில் உள்ளதல்ல, ரஷ்யாவுக்குக் கீழே இருக்கும் நாடு.

அங்கே ஒரு சானடோரியம். சோவியத் காலத்தில் தொழிலாளர்களை ஓய்வுக்கும் ஊற்றுநீர்க் குளியலுக்கும் அனுப்பிய இடம். கைவிட்டுப் பல காலம். வாங்கியவர் ஹோட்டலாக்கப் போகிறார்.

"ஆளில்லாத கட்டடம் அன்ரி. ஸ்கேனரை ரைபொட் முக்காலியிலை வைச்சு வைச்சு எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்" என்றார் சுரேஷ்.

ஜோர்ஜியா போய்ச் சேர்ந்து கட்டடத்துக்குள் நுழைந்தேன். கோயில் மண்டபம் போலத் தூண்கள். வட்டமான குளியல் மண்டபத்தின் கூரை நடுவே ஒரு திறப்பு. வெயில் அதனூடாக இறங்கி வறண்ட தொட்டியில் விழுந்தது. ஒவ்வொரு அறைக்கும் மலையைப் பார்த்த பல்கனி. மில்லில் வேலை செய்தவனுக்கு இவ்வளவும் கட்டிக் கொடுத்த கை நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தினேன்.

மூன்றாம் மாடிப் பல்கனி ஒன்றில் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

2. கழுவிய நிலம்

அது தமாராவின் அறை. அந்த நாட்டில் நடந்த சண்டையில் ஊரைவிட்டு ஓடிவந்து, அந்த அறையிலேயே மகளை வளர்த்து ஆளாக்கிய வயதான மனுசி. அங்கே எனக்கு ட்ரைவராக வந்த கியோர்கி ஆங்கிலத்தில் விளக்கினார்: ஆட்கள் குடியிருப்பதாகப் பிளானில் காட்டும் அறைகளுக்கு மட்டும் வாங்கியவர் மாற்று வீடு கொடுக்கவேண்டும். காட்டாவிட்டால் தமாரா தெருவில்தான். நானும் ஊரில் சண்டைக்காலத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அகதியாக இருந்தவள். நாளைக்கு வந்து அறையை அளக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் போனால் அறை வெறுமை. கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, புகைக்குழாய்கூட இல்லை. அளக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று எல்லாவற்றையும் கொரிடோரின் கடைசிக்கு இழுத்துப்போட்டு, நிலத்தையும் கழுவி வைத்திருந்தார். அப்படியே ஸ்கேன் எடுத்தால் அது யாருமற்ற அறை. தலையில் கை வைத்தேன். ஆனால் கோபிக்க மனம் வரவில்லை. அஜக்ஸில் உள்ள என் வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நானும் இதே கூத்தை ஆடுகிறவள்தானே.

மூன்று பேருமாகக் கட்டிலையும் அடுப்பையும் திரும்பத் தூக்கி வந்தோம். ஸ்கேனர் சுற்றும்போது ஆட்கள் வெளியே நிற்பது தொழில் வழக்கம். நான் தமாராவைக் கட்டிலில் இருத்தினேன். மூச்சு விடலாமா என்று கேட்டார். தாராளமாக விடுங்கள் என்றேன்.

3. சுரேஷின் ஸ்கிரீன்

ரொறன்ரோவில் சுரேஷ் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அன்ரி, உந்த மனுசியையும் சாமான்களையும் அழிச்சு விடுங்கோ. ஓனர் கேட்டது வெறும் கட்டடம்."

"ஆளை அழிக்கிறன் தம்பி. அடுப்பையும் கட்டிலையும் அழிக்கமாட்டன். அவ அங்கைதான் இருக்கிறா."

"ஓனர் கோவிச்சால்?"

"என்னோட கதைக்கச் சொல்லும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது சுரேஷுக்குத் தெரியும். இந்த முறை அவர் சண்டைக்கு வரவில்லை. படத்தைப் பெரிதாக்கித் தமாராவின் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு தானே கீபோர்ட்டை இழுத்து, அந்த அறைக்கு மேல் 'குடியிருப்பு' என்று அடித்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. ஆளில்லாத கட்டடம் என்று யார் சொன்னாலும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள்.

போன மாதம் கியோர்கி போனில் கூப்பிட்டார். தமாராவுக்கு வீடு கிடைத்துவிட்டது. சின்ன வீடு, இரண்டே அறை. அதில் ஒன்று எனக்காம். வந்து ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டாம். ஒபிஸில் எல்லோரும் பார்க்க விம்மி விம்மி அழுதேன்.