பட்டம் பிடித்தவள்

ஒரிசாபா நகரில் தொமாசாவின் மேல் விழாமல் யாரும் பட்டம் வாங்கியதில்லை.

ஆகாயப் பட்டம் என்று அதற்குப் பெயர். தலைநகரில் பெண்கள் மல்யுத்த மேடை ஏறக் கூடாது என்று தடை இருந்த காலம் அது. மேடை தேடி வெளியூர்களுக்கு வந்த பெண்களில் சிலர் கயிற்றின் மேல் ஏறி நின்று பருந்து மாதிரிப் பாய்ந்தார்கள். அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் முண்டியடித்தது. அரங்கத்து முதலாளி தோன் அபுந்தியோ பித்தளைத் தகடு பதித்த பெல்ட் ஒன்றைச் செய்ய வைத்து, பறக்கிறவளுக்கு மட்டும்தான் இது என்று அறிவித்துவிட்டார்.

பறக்கிறவள் எங்காவது வந்து விழ வேண்டுமே. அந்த எங்காவதுதான் தொமாசா.

காப்பிக் கிடங்கில் மூட்டை இறக்கிய குடும்பத்துப் பெண். கதவை அடைக்கிற தோள். காலையில் சந்தை வாசலில் உட்கார்ந்து கார்னாச்சா சுட்டு விற்பாள். உள்ளங்கை அகலச் சோள அடையை எண்ணெயில் போட்டு, மேலே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்துத் தருவது. ஞாயிறு சாயங்காலம் அதே எண்ணெய் வாசனையோடு மேடைக்கு வந்து வில்லியாக நிற்பாள். அங்கே அவள் பெயர் லா அதுவானா, அதாவது சுங்கச்சாவடி. பட்டம் கேட்டு வருகிற எவளும் முதலில் சுங்கச்சாவடியைத் தாண்டியாக வேண்டும் என்பது தோன் அபுந்தியோ வைத்த வழக்கம்.

யார் ஜெயிப்பது என்பதை அவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்வார். தொமாசாவின் பெயர் அந்தப் பேச்சில் வந்ததே இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

முகமூடி போட்டு வருகிறவர்கள் ஊருக்கு முகத்தை மறைக்கலாம், அவளிடம் மறைக்க முடியாது. கொர்தோபாக்காரி முழங்காலை முன்னால் நீட்டிக்கொண்டு விழுவாள். அவளைப் பிடித்த மறுநாள் தும்மினாலும் விலா குத்தும். ஹலாப்பாக்காரி கன்னி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே விழுவாள். புவெப்லாவிலிருந்து வந்தவள் எப்போதும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி. எல்லோரும் இவள் மேல் விழுந்து எழுந்து பட்டம் கட்டிக்கொண்டார்கள். தடை நீங்கியதும் ஒவ்வொருத்தியாகத் தலைநகரத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள். பட்டம் இடுப்புக்கு இடுப்பு மாறியது. கீழே நிற்கிறவள் மட்டும் மாறவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் முதல் பட்டக்காரி ஒருத்தி இருந்தாள். நியேவெஸ். மேடைப் பெயர் பாப்பலோத்தே. நூலில் கட்டி வானத்தில் விடுகிறோமே, அந்தப் பட்டம். மெலிந்த உடம்பு. கார்னாச்சா கேட்டு வரும்போது, "வெங்காயம் வேணாம் குண்டு, எதிராளி மயங்கி விழுந்துட்டா நான் யார் மேல குதிக்கறது?" என்பாள். தொமாசாவை குண்டு என்று கூப்பிட்டுவிட்டுப் பல்லோடு திரும்பிப் போனவள் அவள் ஒருத்திதான்.

மேடைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் நிற்கும் தொமாசாவின் மேல் அவள் கயிற்றைத் தாண்டிப் பாய்வாள். இரண்டு பேருமாக மல்லாந்து சாய்கிற அந்த நொடியில் அவளுடைய இடதுகை தொமாசாவின் பின்னந்தலைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் அந்தக் கை. பறக்கிறவர்கள் தங்கள் எலும்பைத்தான் நினைப்பார்கள். பிடிக்கிறவளின் மண்டையை நினைத்தவள் இவள் மட்டுமே. நியேவெஸின் இடதுகை விரல் முட்டிகள் எப்போதும் தோலுரிந்து சிவந்திருக்கும். யாராவது கேட்டால் சோளம் அரைத்தேன் என்பாள்.

குவாத்தமாலாவில் ஆட்டம் என்று புறப்பட்டபோது பெல்ட்டையும் பையில் வைத்துக்கொண்டாள்.

"மூணே வாரம். வந்ததும் நீ மேல ஏறு, நான் கீழ நின்னு பிடிக்கறேன்."

"உன்னைச் சுரண்டி எடுக்கக் கரண்டி வேணும் அப்புறம்."

"சுரண்டி எடுத்து வெங்காயம் போடாம வித்துடு."

அவள் திரும்பவில்லை. ஒரு சேதியும் இல்லை. தோன் அபுந்தியோ ஒரு மாதம் திட்டிவிட்டு, தகரத்தில் வேறு பெல்ட் செய்தார். ஒன்பது வருஷம் போயிற்று. தொமாசா எத்தனையோ பேரைப் பிடித்தாள். ஒவ்வொரு முறை சாயும்போதும் அவள் கழுத்து தன்னையறியாமல் ஒரு கையைத் தேடும். பிறகு தலை தரையில் இடிக்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில்தான் லா வியஹேரா என்று ஒருத்தி வருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். பயணி என்று அர்த்தம். பச்சை முகமூடி, ஊர் பெயர் இல்லை. பெரியவர்களில் ஆண் என்றால் தோன், பெண் என்றால் தோன்யா என்பது அங்கே மரியாதை. அரங்க வாசலில் வேர்க்கடலை விற்கும் தோன்யா செனோவியா சந்தைக்கு வந்து தொமாசாவின் அடுப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல முகமூடியோட இறங்கினதைப் பார்த்தேன். அதே உயரம். கையை ஆட்டிக்கிட்டு நடக்கற அதே நடை. நம்ம பாப்பலோத்தேதான்."

"அவளுக்கு இப்ப நாப்பது வயசு ஆகுது."

"எனக்கு அறுபது. நான் நடக்கல?"

"நீ கயிறு மேல ஏறிக் காட்டு, நம்பறேன்."

செனோவியா போனபிறகு தொமாசா இரண்டு அடைகளைக் கருகவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைக்குக் குளித்தாள். ஆறு கார்னாச்சா சுட்டு வாழையிலையில் வைத்துத் துணியில் சுற்றிக்கொண்டாள். ஒன்றிலும் வெங்காயம் இல்லை.

தூறல் தகரக் கூரையில் பொரிந்துகொண்டிருந்தது. மேடையில் பச்சை முகமூடி எதிரே வந்து நின்றபோது தொமாசா அதன் கண்களைத் தேடினாள். துணி வலைக்குள் ஒன்றும் தெரியவில்லை. கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வழக்கம்போல, முகமூடிக்கு வெளியே தொங்கிய தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள், கூட்டத்தைப் பார்த்துத் துப்பினாள். மனசு எதிலும் இல்லை. அந்தப் பாய்ச்சல் எப்போது வரும் என்றே நின்றாள்.

வந்தது. வியஹேரா அவளை வெளியே உதைத்துத் தள்ளிவிட்டு, எதிர்க்கயிறுவரை ஓடித் திரும்பி, மேல்கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தாள். தொமாசா கைகளை விரித்தாள். மார்பில் பாரம் இறங்கியது. இரண்டு பேரும் சாய்ந்தார்கள். பின்னந்தலைக்கு அடியில் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

இடதுகை.

ஒரு மூச்சு நேரம் தொமாசாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. அடுத்த மூச்சில் மேலே கிடந்த உடம்பு உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தோள் அகலம். இடுப்பெலும்பு கனம். இளம் பெண்ணின் மூச்சு. கை மட்டும் அவளுடையது, ஆள் அவள் இல்லை.

தொமாசா எழுந்திருக்கவில்லை. நடுவர் எண்ண ஆரம்பித்தார். எழுந்து இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டுத் தோற்பது என்றுதான் பேச்சு.

"சுங்கச்சாவடி தூங்கிடுச்சு," என்று மேல்படியிலிருந்து ஒருவன் கத்தினான். "லாரியெல்லாம் சும்மா போங்கப்பா."

கூட்டம் சிரித்தது. எண்ணிக்கை முடிந்தது. தோன் அபுந்தியோ கையிலிருந்த தொப்பியைத் தொடையில் அடித்துக்கொண்டார்.

உடைமாற்றும் அறையில் வியஹேரா முகமூடியைக் கழற்றினாள். வட்ட முகம், இருபத்தைந்து வயது இருக்கலாம். பெயர் இத்சேல் என்றாள்.

"அந்தக் கையை யார்கிட்ட கத்துக்கிட்ட?" என்றாள் தொமாசா.

"தப்பாப் போயிடுச்சா தோன்யா?"

"யார்கிட்டன்னு கேட்டேன்."

"நியேவெஸ்கிட்ட. தபச்சூலால இருக்காங்க, எல்லைக்கு இந்தப் பக்கம். கொட்டகை போட்டுப் பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றாங்க."

தொமாசா பெஞ்சில் உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறாள். அது முதலில் இறங்கியது. அதன்பிறகுதான் கோபம் வந்தது.

"பஸ்சு அங்கேருந்து இங்க வராதாமா?"

இத்சேல் முகமூடியை மடித்தாள், பிரித்தாள். "குவாத்தமாலால முதல் ஆட்டத்துலயே. கண்ணை மூடிக்கிட்டுப் பாய்ஞ்சிருக்காங்க. இங்க அப்படித்தான் பழக்கமாம். கீழ நின்னவ பயந்து நகர்ந்துட்டா. வலது முட்டி போச்சு. பறக்க முடியாம குண்டு முன்னாடி எப்படிப் போய் நிக்கறதுன்னு சொல்வாங்க."

"பெல்ட்டு?"

"கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. துண்டு காயப் போடறாங்க."

தொமாசாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு என்னவோ ஆனது. துணி மூட்டையை அவிழ்த்து அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளினாள். இத்சேல் பசியோடு ஒன்றைக் கடித்தாள்.

"நல்லா இருக்கு. வெங்காயம் போட மறந்துட்டீங்களா?"

"ஆமா," என்றாள் தொமாசா.

அந்தப் பெண் ஆறையும் தின்றுவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஒண்ணு சொல்லி அனுப்பினாங்க. அவங்க உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாங்களாமே. நீங்க மேல, அவங்க கீழன்னு. அவங்களுக்குப் பதிலா என்னை நிக்கச் சொன்னாங்க."

கூட்டம் கலைந்திருந்தது. காலடியில் கடலைத்தோல் நொறுங்கியது. தொமாசா மேடை மூலையில் கம்பத்தைப் பிடித்து, ஒவ்வொரு கயிறாக ஏறினாள். கயிறு முனகியது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்த தோன் அபுந்தியோ திரும்பிப் பார்த்தார்.

"தொமா, இறங்கு. மேடைக்கு வயசாயிடுச்சு."

"எனக்கும்தான். வாயை மூடுங்க தோன்."

மேலே நின்று கீழே பார்த்தாள். இத்தனை வருஷம் தான் நின்ற இடத்தை அவள் மேலிருந்து பார்த்ததே இல்லை. சாம்பல் நிறச் சிமெண்டில் ஒரு பாய் அளவுதான் இருந்தது. இந்தச் சின்ன இடத்தை நம்பியா நியேவெஸ் கண்ணை மூடிக்கொண்டாள்?

அங்கே இத்சேல் கால்களை அகட்டி, கைகளை விரித்து நின்றாள். முறையாகத்தான் நின்றாள். குதித்தால் பிடித்துவிடுவாள். தலைக்கு அடியில் கையும் வரும்.

தொமாசாவின் முழங்கால்கள் மடங்கின. பிறகு நிமிர்ந்தன.

"நல்லாத்தான் நிக்கற பொண்ணே," என்றாள். "கொஞ்சம் தள்ளிக்கோ."

"பயப்படாதீங்க, நான் நகர மாட்டேன்."

"தெரியும். நீ இல்ல. அவளையே வரச் சொல்லு."

"அவங்களால நிக்க முடியாது தோன்யா. அந்தக் கால்…"

"உக்காந்து பிடிக்கட்டும்."

இத்சேல் கைகளைத் தாழ்த்தினாள். என்ன செய்வதென்று தெரியாமல் தோன் அபுந்தியோவைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

தொமாசா கம்பத்தின் உச்சியில் மெதுவாக உட்கார்ந்தாள். கீழே அந்தப் பாய் அளவு இடத்தில் இப்போது யாரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.