பாபநாசக் கரையில் ஒடித்த பல்குச்சி

1912 ஆடியில் என் மாமியார் காலமானார். அவருடைய அஸ்தியைப் பாபநாசத்தில் கரைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே மகளான என் மனைவி கோமதி விரும்பினாள். நான் திருநெல்வேலியில் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பகல் ஒரு மணிக்கு ரயில். அம்பாசமுத்திரத்துக்கு ஆளுக்கு நாலரை அணா. மூன்று மணிக்கு இறங்கி, மாடசாமி என்பவரின் மாட்டுவண்டியைப் போக வர ஒரு ரூபாய்க்குப் பேசினேன். பாபநாசம் ஆறு மைல். ஐந்தரைக்குச் சத்திரம் சேர்ந்தோம். கோமதி வழியெல்லாம் அஸ்திக் கலயத்தை மடியை விட்டு இறக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே ஆற்றுக்குப் போனோம். வீட்டில் பல் விளக்க உமிக்கரிதான் வழக்கம். அதை எடுத்துவைக்க மறந்துவிட்டேன். எனக்கு ஒரு கருவேலங்குச்சி ஒடித்துக்கொண்டேன். அவளுக்கு முள் குத்த வேண்டாமே என்று, தண்ணீரோரம் நின்ற புதரில் நேரான இளங்குச்சியாகப் பார்த்து ஒடித்துக் கொடுத்தேன். நன்றாக மென்று பல் விளக்கினாள்.

அரை மணிக்குள் வாந்தி. நாக்கு மரத்துவிட்டது என்று சொல்லிப் படியிலேயே சாய்ந்தாள். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த மாடசாமி ஓடிவந்து, கிடந்த குச்சியை எடுத்துப் பார்த்தார்.

“இத எங்கன ஒடிச்சீய?”

புதரைக் காட்டினேன்.

“ஆத்து அரளில்லா அது, வெசம். பூ இல்லாததால ஒங்களுக்குத் தெரியல. அம்மா வாய நல்லா அலசி விடுங்க. நான் வண்டியப் பூட்டுதேன்.”

அந்த ஆறு மைலை ஒரு மணி நேரத்தில் ஓட்டினார். நான் கோமதியின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தேன். நாடி நின்று நின்று அடித்தது. சாறு இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி டாக்டர். இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார். மாடசாமி வேறு சவாரிக்குப் போகாமல் வாசலிலேயே கிடந்தார்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். மறுநாள் மாடசாமியோடு மூவருமாகப் பாபநாசத்துக்குத் திரும்பப் போனோம். சத்திரத்தில் விட்டிருந்த கலயத்தை எடுத்துவந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று அஸ்தியைக் கரைத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கரையேறிய பிறகுதான் கேட்டேன், குச்சி கசக்கவில்லையா என்று.

“கசந்துச்சு. வாயெல்லாம் எரிஞ்சுச்சு.”

“ஏன் துப்பல?”

“அம்ம போனதுல இருந்து எனக்குன்னு பாத்துப் பாத்துச் செய்யுதீக. இதுக்குப் போயி நொட்ட சொல்லணுமான்னு இருந்துட்டேன்.”



பாபநாசம் போகிறவர்கள் பல்பொடியை மறக்காதீர்கள். மறந்துவிட்டால், உள்ளூர்க்காரரைக் கேட்காமல் எந்தக் குச்சியையும் ஒடிக்காதீர்கள். விரலும் ஆற்றுத்தண்ணீரும் போதும். உடன் வருகிறவர் வாய்திறந்து சொல்லத் தயங்குகிறவர் என்றால், நீங்களே கேட்டுக்கொண்டிருங்கள்.