அலுமாரிக்குள் மாமி பாடிய பாட்டு

என்னால் சும்மா இருக்க ஏலாது என்பதை எங்கள் வீட்டில் டொக்டரிடம் காட்டவேண்டிய ஒரு வருத்தத்தைப் போலத்தான் பேசுவார்கள். நான் இருந்தால் கதிரை ஆடும். ஆடாவிட்டால் நான் விழுந்துவிட்டேன் என்று அர்த்தம். அப்படிப்பட்ட என்னை, எட்டு வயதில், மாமி தன்னோடு ஓர் அலுமாரிக்குள் வைத்துச் சாத்தினா. காரணம் அன்பு அல்ல. வெளியே விட்டால் வீட்டைப் பிரட்டிவிடுவேன் என்ற பயம்.

மாமி மராட்டிக்காரி. புனேயில் படிக்கப் போன மாமா, பட்டத்தோடு அவவையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனியின் பான் நகருக்கு வந்தார். இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். மாமியின் அப்பா ஆர்மோனியம், அண்ணன் தபேலா, அக்கா படங்களில் பாடிப் பெயர் எடுத்தவ. மாமியும் கல்யாணத்துக்கு முன் சில படங்களில் பாடியிருந்தா. இங்கே பேக்கரியில் வேலை. பாட்டு எங்கள் பிறந்தநாள்களுக்கு மட்டும்.

ஒருநாள் புனேயிலிருந்து ஓர் இசையமைப்பாளர் அழைத்து, புதுப் பாட்டொன்றுக்கு ட்ராக் பாடி அனுப்பச் சொன்னார். பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக இன்னொருவர் முதலில் பாடிக் கொடுப்பதுதான் ட்ராக். பெரியவர் பாடி முடித்ததும் முதல் குரலை அழித்துவிடுவார்கள். இந்தப் பாட்டுக்குப் பெரிய பாடகி மாமியின் அக்காவேதான். ஆனால் மனுசன் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டார்: நன்றாக வந்தால் உங்கள் குரலையே வைத்துவிடலாம். அதன்பிறகு மாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றுக்கு உப்பைப் போட்டுவிட்டு, போட்டேனா என்று எங்களிடம் கேட்டா.

ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது என்பது ஜெர்மனியில் சட்டம்; ஒருவரும் சுவரில் துளை போடார், புல் வெட்டார். இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்கே இருக்கிறது என்றார் மாமா. எங்கள் வீடுதான் அந்தச் சட்டத்துக்கு அடங்காதது. ஆகவே, குளிர்கால ஜாக்கெட்டுகள் தொங்கிய பெரிய அலுமாரியை மாமி தெரிந்தெடுத்தா.

"மச்சாள், குக்கரை நிப்பாட்டுங்கோ!"

"குக்கரை நிப்பாட்டலாம். உங்கட மருமகனை ஆர் நிப்பாட்டுறது?" என்றா அம்மா.

"பாளா, நீ உள்ள வா." மராட்டியில் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

மாமி கைபேசியில் பதிவை அழுத்தினா. நான் அவவின் காலடியில் குந்தியிருந்தேன். தாளம் அவவின் காதுக்குள் மட்டும் ஓடியது. எனக்குக் கேட்டது வெறும் குரல். பிறந்தநாளுக்குக் கேட்கிற குரல் இல்லை அது. முதல் தரம் நான் தும்மினேன். அடுத்த தரம் அப்பா கதவைத் தட்டி, "என்ர ஜாக்கெட் ஒருக்கா வேணும்" என்றார். மூன்றாந்தரம் வாழ்க்கையிலேயே முதன்முறையாக அசையாமல் இருந்தேன். பாட்டில் மயங்கி என்று எழுத ஆசைதான். கால் விறைத்துப் போயிருந்தது.

பாட்டுப் போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. மாமி கைபேசியைப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாகத் திரிந்தா. நானோ பள்ளிக்கூடம் முழுக்க அறிவித்துவிட்டு, மாமியின் கையெழுத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு வெளியான அன்று எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். மாமா டிவியில் போட்டார். நாலு வரி போகவில்லை, திரும்பினார்.

"இது உம்மட குரல் இல்லையே?"

"ஓம். அக்கான்ர."

"அப்ப அந்த மனுசன் சொன்னது?"

"வடிவாப் பாடியிருக்கிறா, கேளுங்கோ" என்றா மாமி.

எனக்குத்தான் ஆத்திரம். "போன் எடுத்துச் சண்டை பிடியுங்கோ மாமி!"

"ஆரோட பாளா? என்ர அக்காவோடயோ?" என்று சிரித்துக்கொண்டு தேத்தண்ணி போட எழும்பினா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுமாரிக்குள்ளிருந்து அதே பாட்டுக் கேட்டது. மனம் மாறித் திரும்பவும் கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய புளுகம், துள்ளுகிற சந்தோசம். குக்கரை நானே நிறுத்தினேன். ஜாக்கெட் எடுக்க வந்த அப்பாவைக் கையை விரித்து மறித்தேன். அப்போதுதான் கண்டேன்: மாமியின் கைபேசி குசினி மேசையில் சார்ஜில் கிடந்தது. ஐயோ, இவ்வளவும் வீணாகப் போகிறதே! ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

"மாமி, போனை மறந்திட்டியள்!"

பாட்டு நின்றது. ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்று என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு வாங்கிக்கொண்டு, "நல்ல பிள்ளை" என்று கதவைச் சாத்தினா.

பாட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வெளியே காவல் நின்றேன். உள்ளே ஏன் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.