இல்லை சொல்லும் நாற்காலி

ரங்கூன் நகரத்துப் பசுந்தாங்கில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் தாண்டவராயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாழ்நாளில் அவர் அதிகமாகச் சொன்ன சொல் "இல்லை". அதுவும் அவருடைய சொந்தச் சொல் அல்ல. கொள்ளுத்தாத்தா மாசிலாமணிப் பிள்ளையின் சொல். பெரியவர் செத்து நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டதால், வாயை மட்டும் தாண்டவராயன் இரவல் கொடுத்துவந்தார்.

பெரியவரை முதலில் சொல்லிவிட வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தாவாக இறங்கி, விக்டோரியா ராணி காலத்தில் நகரசபை உறுப்பினர் ஆனவர். கட்சி கிட்சி ஒன்றும் கிடையாது. இருப்பது இருக்கட்டும் என்பதுதான் கொள்கை. குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்றார்கள், எதிர்த்தார். தெருவிளக்கு என்றார்கள், இருட்டில் நடக்கத் தெரியாதவன் வீட்டில் கிடக்கட்டும் என்றார். டிராம் வண்டியை எதிர்த்து ஆறு மணி நேரம் பேசினாராம். பேசி முடித்து வாசலுக்கு வந்தால், டிராம் மணியடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது! அதன்பின் பதினோரு வருஷம் தினமும் அதே டிராமில்தான் போனார், கெடுதல் அதில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க. தலைப்பாகைக்குத் தனிச் சீட்டு எடுப்பாராம். பசுந்தாங்கில் இதை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

சிரித்து முடித்துவிட்டால் மற்றதையும் கேளுங்கள். ஓர் ஆண்டு, ஓடைக்கரையில் இருந்த கூலிக் குடிசைகள் முந்நூறையும் பெயர்த்து, ஊருக்கு வெளியே சதுப்பில் கொண்டுபோய்ப் போடத் துரைமார் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. பெரியவர் மட்டும் எழுந்து "இல்லை" என்றார். அடுத்த கூட்டத்திலும் இல்லை. பதினான்கு மாதம், வேறு பேச்சே கிடையாது. கடைசியில் துரைமாருக்கு அலுத்துப்போய்க் கோப்பைக் கட்டிப் பரணில் போட்டார்கள். இன்றைக்குப் பசுந்தாங் அம்மன் கோயிலில் கும்பிட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் அந்தக் குடிசைகளின் வாரிசுகள்.

ஆகவே சாகும் தறுவாயில் அவர் கேட்டதை யாராலும் மறுக்க முடியவில்லை. "கோயில் கமிட்டியில் என் நாற்காலி காலியாகவே இருக்கட்டும். எந்தத் தீர்மானம் வந்தாலும் என் ஓட்டு இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்." இந்த உயில் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே அந்தத் தேக்கு நாற்காலி. இத்தனை வருஷத்தில் கரையான் அரிக்கவில்லை. அனுமதி கேட்டிருக்கும், இல்லை என்றிருப்பார்.

கமிட்டியில் உயிருள்ளவர்கள் எட்டுப் பேர். அவர்கள் கை தூக்கி முடிந்ததும் நாற்காலி முன்னால் ஒரு கட்டி கற்பூரம் ஏற்றுவார்கள். அது அணைந்ததும், அந்த எட்டில் சேராத வாரிசு எழுந்து, "பெரியவர் சம்மதிக்கவில்லை" என்று சொல்ல வேண்டும். நாலுக்கு நாலு என்று நின்றால் நாற்காலி வைத்ததுதான் சட்டம். முப்பது வருஷமாகத் தாண்டவராயன் இதை ஒழுங்காகச் செய்துவந்தார், கொள்ளுத்தாத்தா எதிர்த்த குழாய்த் தண்ணீர்தான் தனக்குச் சோறு போடுகிறது என்று கூசாமல்.

வினை தேரில் வந்தது. அம்மன் தேரை ஆண்கள்தான் இழுக்க வேண்டும் என்பது வழக்கம். இப்போது பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? பேங்காக், மலேசியா என்று ஆளாளுக்குப் போய்விட்டார்கள். போன வருஷம் வடக்கே மாவ்பி ஊரிலிருந்து டிராக்டர் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். அது நடுத்தெருவில் மூச்சை விட்டது. அம்மன் இரண்டு மணி நேரம் மீன்குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்கா கடை வாசலில் நின்றாள். கடைக்காரிக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

தாண்டவராயனின் ஒரே மகன் தமிழ்மணியும் போனவன்தான். போன பிறகு பதினேழு நாள் தகவலே இல்லை. பதினெட்டாம் நாள், தாய்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்தது. அந்தப் பதினேழு நாளில் அவன் தாய் கமலாட்சி அம்மனிடம் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள்: பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால், இந்த வருஷத் தேர்வடத்தை என் கையால் பிடித்து இழுக்கிறேன்.

"வேற வேண்டுதலே கிடைக்கலியா? பால்குடமா மாத்திக்கோ" என்றார் தாண்டவராயன்.

"அம்மன்கிட்ட சொன்னதை மாத்தச் சொல்றீங்களா? உங்க பெரியவர் சொன்ன சொல்லு மட்டும்தான் மாறக்கூடாதோ?"

அவள் பேசியது அவருடைய பேச்சு.

கமிட்டிச் செயலாளர் பிரேம்நாத் நல்ல பிள்ளை. பெண்களும் வடம் பிடிக்கலாம் என்று தீர்மானம் எழுதிக் கொண்டுவந்தார். நாலு கை ஆதரித்தது, நாலு எதிர்த்தது. கற்பூரம் ஏற்றினார்கள். மடப்பள்ளியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கமலாட்சியின் கை நின்றது. தாண்டவராயன் அந்தப் பக்கம் பார்க்காமல், "பெரியவர் சம்மதிக்கவில்லை" என்றார்.

அன்று முதல் வீட்டில் தமிழ் நின்றுபோனது. கமலாட்சிக்குக் கோபம் வந்தால் புருஷனிடம் பர்மியப் பாஷைதான் பேசுவாள், ஏதோ வார்டு ஆபீஸில் மனு கொடுக்கிற மாதிரி.

"ஊ தாண்டவராயன், தமின் சா" என்று, திருவாளர் போட்டுச் சோறுண்ண அழைத்து, தட்டை வைப்பாள்.

"சாப்பிடறேன். கோபமா கமலா?"

"மஹோபூ."

இல்லை என்பதற்கு அந்த ஊர்ச் சொல். முப்பது வருஷம் மற்றவர்களுக்கு வழங்கிய சொல் சோற்றுத் தட்டோடு திரும்பி வந்தபோதுதான், அதை வாங்கிக்கொள்வது எப்படியிருக்கும் என்று அவருக்கு உறைத்தது. உயிலை மீறலாமா என்றுகூட நினைத்தார். இன்றைக்கு இவளுக்காக மீறினால், நாளைக்கு ஓடைக்கரையை யாராவது கேட்டு வரும்போது அந்த நாற்காலிக்கு என்ன மதிப்பு இருக்கும்? தேருக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அந்த வாரம் தன்லியின் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் பெரிய மோட்டார் ஒன்று தலைகீழாகச் சுற்றுகிறது என்று கூப்பிட்டார்கள். பஸ் பிடித்துப் போனார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. யாரோ கம்பிகளை இடம் மாற்றி முடுக்கியிருந்தார்கள். இரண்டு கம்பியைக் கழற்றி மாற்றிக் கொடுத்தார். அதே மோட்டார், அதே கரண்டு, எதிர்ப்பக்கம் சுற்றியது. தாண்டவராயன் லோஞ்சியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் வெகுநேரம் குந்தியிருந்தார். கூலி கொடுக்க வந்தவர், இவருக்கு ஷாக் அடித்துவிட்டதோ என்று பயந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் தீர்மானம் எழுதிக் கொடுக்கலாம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தாண்டவராயன் ஒரு தாளை நீட்டினார். தலைவர் ராமசுப்பிரமணியன் வாங்கிச் சத்தமாகப் படித்தார்:

"ஆண்கள் மட்டுமே தேர்வடம் பிடிக்கும் வழக்கம் இந்த ஆண்டும் தொடர வேண்டும்."

தலைவருக்கு முகமெல்லாம் பல். "பார்த்தீங்களாய்யா! பெரியவர் ரத்தம்னா சும்மாவா?"

மாமா என்பதைக்கூடப் பர்மியத்தில்தான் சொல்லும் பிரேம்நாத்துக்கு எரிச்சல். "ஊ லே, போன வாரம் அடிச்சது போதாதா? செத்த பாம்பை எதுக்கு மறுபடி அடிக்கிறீங்க?"

"ஓட்டுப் போடுங்க தம்பி" என்றார் தாண்டவராயன்.

வழக்கம் தொடரட்டும் என்று நாலு கை. வேண்டாம் என்று நாலு கை. கற்பூரம் எரிந்தது. அன்றைக்குப் பார்த்து அது அணைவேனா என்றது. கடைசிப் பொறியும் அடங்கியதும் தாண்டவராயன் எழுந்தார்.

"பெரியவர் சம்மதிக்கவில்லை."

தலைவர் தலையாட்டிவிட்டார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. "எதுக்குச் சம்மதிக்கலை?"

"இந்தத் தீர்மானத்துக்கு."

"யோவ், வழக்கத்தைக் காப்பாத்தத்தானே நாற்காலி போட்டிருக்கு!"

"எந்தத் தீர்மானம் வந்தாலும் இல்லைன்னு எழுதிக்கச் சொல்லியிருக்கார். அந்தா, சுவத்துல இருக்கு, படிங்க. நூத்திருபது வருஷ வழக்கம் தலைவரே, அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை."

தலைவர் எழுந்து போய் உயிலைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "நாலுக்கு அஞ்சு. வழக்கம் தோத்துது, யார் வேணா வடம் பிடிக்கலாம், எழுதிக்க பிரேம்நாத்" என்றவருக்கு, அடக்கப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

மடப்பள்ளி வாசலில் கமலாட்சி நின்றிருந்தாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ.

"என்னங்க, டீ குடிக்கிறீங்களா?" என்றாள், தமிழில்.

தேரன்று வடத்தின் இந்தப் பக்கம் இருபத்தாறு பெண்கள், அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஆண்கள். கமலாட்சி முதல் ஆளாக நின்று, போனில் தமிழ்மணிக்குக் காட்டிவிட்டு, அதை இடுப்பில் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள். தாண்டவராயன் சக்கரத்துக்கு முன்னால் நின்று, இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்கிற முகத்தோடு, பெரியவர் டிராமைப் பார்த்த மாதிரி தேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று கத்தினாள் கமலாட்சி. "தேர் வருது!"

தேர் நகர்ந்தது. மொஹிங்கா கடை வாசலில் நிற்காமலே போனது. கடைக்காரிக்குத்தான் வருத்தம்.