கூரை வேண்டாத கார்

பழைய கார் தரகு எண்டது, வாங்கிறவரும் விக்கிறவரும் உங்களைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டே ரெண்டுபேரும் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தாற தொழில். பழைய வாகனம் வாங்கி அழுதவையும் வித்துப்போட்டு அழுதவையும் இதை வாசிக்கிறியள் எண்டால் என்ர பாடு உங்களுக்கு விளங்கும். சண்டைக்காலத்தில திருகோணமலையில அந்தத் தொழிலைச் செய்தவன் நான். துறைமுகப் பக்கம் ஒரு தேத்தண்ணிக்கடையில ஆக்கள் குந்தியிருக்கிற மரவாங்குதான் என்ர கந்தோர்.

அப்ப ஆரும் கார் என்ன வேகம் போகும் எண்டு கேக்கமாட்டினம். ஆற்ற பேரில கிடக்கு, செக்பொயின்ற்றில கரைச்சல் குடுப்பினமோ, அதுதான் கேள்வி. அப்பிடியான காலத்தில ஒருத்தர் வந்து, சனி ஞாயிறில ஓட ஸ்போர்ட்ஸ் கார் ஒண்டு பாத்துத் தரச் சொன்னார்.

மேல பாக்கிற மனுசன்

வந்தவர் எக்ஸ்ரே ஞானம். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவர். ஒல்லி உடம்பு, சிரிக்கத் தெரியாத முகம். நான் வான் காட்டினன், நல்ல குடும்பக் கார் காட்டினன். மனுசன் பொனற்றைத் திறந்து பாக்கேல்லை, ரயரை உதைச்சுப் பாக்கேல்லை. உள்ள ஏறி இருந்து மேல அண்ணாந்து பாப்பார், "இது சரிவராது" எண்டுபோட்டு இறங்குவார். காட்டிக் காட்டிக் களைச்சு எனக்கு விசர் வந்திட்டுது. "அண்ணை, இந்த வயசில மூடியில்லாத ஸ்போர்ட்ஸ் காரில போய் ஆருக்குப் படம் காட்டப்போறியள்?" எண்டு கேட்டுப்போட்டன்.

அவர் கோவிக்கேல்லை. ஷெல் விழுந்து பங்கர் இடிஞ்சு, அவற்ற மனிசி வதனியக்கா அரைநாள் மண்ணுக்குள்ள கிடந்தவவாம். இடுப்பு முறிஞ்சதால மோட்டார் சைக்கிளில இருக்க ஏலாது. பஸ், வான், ஓட்டோ எண்டு எதில ஏத்தினாலும், தலைக்கு மேல கூரை வந்தால் மூச்சு முட்டும். படுக்கிறதுகூட முத்தத்தில கட்டில் போட்டுத்தான். இறக்கக்கண்டியில அவவின்ர அப்பா படுத்த படுக்கை. கிட்டத்தான், ஆனால் வருசக்கணக்காய்ப் போய்ப் பாக்கேல்லை. எனக்கு என்ர வாயைத் தைக்கவேணும்போல இருந்தது. அவர்தான் என்னைத் தேற்றிறமாதிரிச் சொன்னார்: "மெதுவாய் ஓடினாலும் காணும் தம்பி, கூரை இல்லாமல் இருந்தால் சரி. கிழவன் கண்ணை மூடமுதல் இவ ஒருக்காப் போகவேணும்."

கோழிக்கு வீடு

எங்கட ஊரில அப்பிடி ஒரு கார்தான் இருந்தது. டொறத்தி அன்ரி எண்டு, வெள்ளைக்காரர் வழிவந்த ஒரு பறங்கி மனுசி. செத்துப்போன புருசன்ர சிவப்புக் கார், ரெண்டே சீற். கொட்டிலுக்குள்ள நிண்ட அந்தக் காரின்ர பக்கத்துச் சீற்றில கோழி அடைகிடந்தது. கேட்டு வந்த, றோட்டுப் போடுற கொந்திறாத்துக்காரற்ற மகனை அன்ரி முதலே கலைச்சுவிட்டவ. "அவன் கண்ணாடியில றோட்டைப் பாக்கேல்லை, தன்ர தலைமயிரைப் பாத்தவன்" எண்டு காரணமும் சொன்னா.

ஞானத்தாரிட்ட அவ விலை கதைக்கேல்லை. பக்கத்துச் சீற்றில ஆர் இருக்கப்போயினம் எண்டுதான் கேட்டா. மனுசன் எல்லாத்தையும் சொன்னார். அன்ரி தானே குனிஞ்சு கோழியைத் தூக்கி இடுப்பில வைச்சுக்கொண்டு, பின்னால மடிஞ்சு கிடந்த துணி மூடியைக் காட்டினா: "அதைக் கழட்டி இஞ்ச வைச்சிட்டுப் போ மகன். என்ர கோழியளுக்குக் கூரை பிடிக்கும்."

சந்தையடியில

ஓடிப் பாக்காமல் கார் வாங்கிறதோ? நான் ஓட்ட, ஞானத்தார் பக்கத்தில. சட்டையெல்லாம் வைக்கலும் கோழிச்செட்டையும். ஆனாலும் வெறும் தலையில கடல்காத்துப் பட, எனக்கே பாட்டு வந்திட்டுது. சந்தையடியில சனம் நிண்டது, மெதுவாக்குவம் எண்டு அக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தன். டமார்! சைலன்சர் வெடிச்ச சத்தம்.

சந்தை முழுக்கப் படுத்திட்டுது. மரக்கறிக்காரர், மீன்காரர், தராசோட முதலாளி, எல்லாரும் நிலத்தில. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், ஓட்டிக்கொண்டிருந்த நானும் கதவைத் திறந்து றோட்டில விழுந்து படுத்திட்டன். சத்தம் கேட்டால் எங்கட ஆக்களுக்கு உடம்பு மூளையைக் கேக்கிறேல்லையே! கார் தன்பாட்டில ஊர்ந்து போச்சுது. நல்லகாலம், ஞானத்தார் ஹான்ட்பிறேக்கை இழுக்க, பூசணிக்காய்க் குவியலில போய்ச் சாய்ஞ்சு நிண்டது. சென்றியில காவல் நிண்ட ஆமிக்காரர் துவக்கை நீட்டினபடி வந்து பாத்துட்டு, தலையில அடிச்சுக்கொண்டு திரும்பிப் போனாங்கள். பூசணிக்காய்க்கார அம்மா எழும்பிச் சீலையைத் தட்டிக்கொண்டு என்னைப் பாத்தா: "படுக்கிறது சரி தம்பி. பிறேக்கைப் பிடிச்சுப்போட்டெல்லோ படுக்கவேணும்?"

பால்பேணி வைத்தியம்

எனக்குச் சிரிப்பு, ஞானத்தாருக்கு முகத்தில ரத்தமில்லை. பாரூக் நானாவின்ர கார் திருத்திற கராச்சில தலையில கைவைச்சுக்கொண்டு இருந்தார். "இந்தச் சத்தத்தை அவ ஒருக்காக் கேட்டால் பிறகு கேற்றடிக்கும் வரமாட்டா. செக்பொயின்ற்றில கேட்டுதெண்டால் எங்களைச் சுட்டே போடுவாங்கள்." பொய்யில்லை. வேற கார் தேடுவமோ எண்டன். எங்க தேடிறது?

பாரூக் நானா கிண்ணியாவால வந்து வேலை செய்யிற மனுசன். காருக்குக் கீழ படுத்து நெடுநேரம் ஆராய்ஞ்சார். சைலன்சர் மூட்டு அரிச்சுப்போச்சாம். புதுசு கொழும்பாலதான் வரவேணும், எப்ப வருமோ தெரியாது. பால்மா வந்த வெறும் பேணி ஒண்டை வெட்டித் தகரத்தைச் சுத்திக் கம்பியால இறுக்கினார். இனிக் காலைச் சடாரெண்டு எடுக்கக்கூடாது; முதல்ல கியரை நியூற்றலுக்கு எடுத்துப்போட்டுத்தான் கால். ஞானத்தார் பின்னேரங்களில ஆஸ்பத்திரி வளவுக்குள்ள அதையே பழகினார். நோயாளியள் ஜன்னலால நிண்டு வேடிக்கை பாத்தினம். கடைசியாய் நானா கையைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "பேணியக் கட்டிட்டன் சேர். மிச்சத்த அல்லாவும் உங்கட காலும்தான் பாத்துக்கொள்ளணும்."

மூடி எங்க?

ஞாயிறு காலமை வதனியக்கா வெளியில வந்தா. காரைச் சுத்தி நடந்தா. ஏறி இருந்தவுடன கையைத் தலைக்கு மேல தூக்கி, அங்க ஒண்டும் இல்லையோ எண்டு துழாவிப் பாத்தா. பிறகுதான் கதவைச் சாத்த விட்டா. நான் மோட்டார் சைக்கிளில பின்னால.

செக்பொயின்ற்றில ஞானத்தார் நியூற்றலுக்கு எடுத்து, பூனை நடக்கிறமாதிரிக் கொண்டுபோய் நிப்பாட்டினார். சத்தமில்லை. எனக்கு ஹெல்மற்றுக்குள்ள வேர்வை. ஆமிக்காரப் பெடியன் சுத்திச் சுத்திப் பாத்தான். ஒளிக்க இடமில்லாத காரில எதைச் சோதிக்கிறது? சீற்றுக்குக் கீழ கையை விட்டவனுக்கு ஒரு முட்டைதான் கிடைச்சுது. முட்டையைக் கையில வைச்சுக்கொண்டு, தெரிஞ்ச தமிழில "மூடி எங்க?" எண்டு கேட்டான். எத்தினையோ நாளுக்குப் பிறகு வேத்தாள் ஒருத்தரோட அக்கா வாய் திறந்தா: "கோழிக்குக் குடுத்திட்டம் மகன்."

நிலாவெளி வீதி

செக்பொயின்ற் தாண்டின சந்தோசம்தான் வினையாய்ப் போச்சு. குறுக்க ஆடு ஒண்டு ஓட, ஞானத்தார் நியூற்றலை மறந்து காலை எடுத்தார். டமார்! நான் வழமைபோல மோட்டார் சைக்கிளை விட்டுட்டு மணலுக்குள்ள.

தலையை நிமித்திப் பாத்தன். கார் நடு றோட்டில. ஞானத்தார் ஸ்ரியறிங்கில முகத்தை வைச்சு அழுகிறார். அக்கா ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தா. எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். எனக்கும் அழுகை வந்திட்டுது. கொஞ்சநேரத்தால அவ கண்ணைத் திறந்து மேல பாத்தா. பாத்துக்கொண்டே இருந்தா. பிறகு புருசன்ர முதுகைத் தடவினா: "இஞ்சேருங்கோ, ஒண்டும் விழேல்லை. வானம் அப்பிடியேதான் கிடக்கு. எடுங்கோ காரை."

கிழவன்ர காது

அதுக்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இறக்கக்கண்டிக்குப் போனவை. கொழும்பால சைலன்சர் வந்து சேர்ந்தும் ஞானத்தார் பூட்ட விடேல்லை. ஏன் இந்தப் பிடிவாதம் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஒரு ஞாயிறு, இறக்கக்கண்டிப் பக்கம் ட்றக்ரர் ஒண்டு பாக்கப் போனனான், கிழவனையும் எட்டிப் பாப்பம் எண்டு போய்க் கட்டில் விளிம்பில இருந்தன். வீட்டுக்கு வாற ஒழுங்கையின்ர முடக்கில டமார் எண்டு கேட்டுது. பழக்கதோசம், நான் கட்டிலுக்குக் கீழ.

மேல கட்டில் கிறீச் கிறீச் எண்டு குலுங்கிச்சுது. கிழவன் சிரிக்கிறார். தலையைத் தூக்க ஏலாத மனுசன், கையை மட்டும் கீழ விட்டு என்ர தோளைத் தட்டினார்: "எழும்பும் தம்பி. அது வெடியில்லை, என்ர மகள் வாறாள்."

கூரை ஒழுகாது எண்டு சத்தியம் பண்ணி நான் வித்த கார் எத்தினையோ. கூரையே இல்லை எண்டு உண்மையைச் சொல்லி வித்தது அந்த ஒண்டைத்தான்.