பஸ்ஸும் ஃபெரியும்

யுத்த காலத்தில், துறைமுகத்தருகே இருந்த எங்கள் மென்பொருள் அலுவலகத்துக்குக் அக்கரைக் கிண்ணியாவிலிருந்து ஃபெரிப் படகில் வருவார் எங்கள் குழுத் தலைவி. சிக்கல் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கையில் விடை வந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்காக நாங்கள் எழுதிய மென்பொருள் ஒருநாள் பில்ட் ஆகவில்லை; பகுதிகள் ஒன்றுசேர்ந்து ஓடும் நிரலாக மாட்டேன் என்றன. மருந்துப் புரொஜெக்ட், தான் பில்ட் ஆக முதலில் நோயாளர் புரொஜெக்டைக் கேட்டது; அது திருப்பி இதைக் கேட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பஸ் வந்தாத்தான் ஃபெரி, ஃபெரி வந்தாத்தான் பஸ் எண்டா ரெண்டும் நிக்குந்தானே தம்பி? ரெண்டுக்கும் பொதுவானதைத் தனிப் புரொஜெக்டா எடுங்க. அது முதல்ல பில்ட் ஆகட்டும்."

ஆனது.

அன்று பின்னேரம் அவரை வழியனுப்ப இறங்குதுறைக்குப் போனேன்; ஃபெரியை ஆமிக்காரர் மறித்துவிட்டார்கள். அனுமதிக்கு இக்கரைக் காவலரண் அக்கரையைக் கேட்கச் சொன்னது. அக்கரை இக்கரையைக் கேட்கச் சொன்னதாம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். விடை வந்துவிடும் என்றே நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.